மூன்று பனிக்காலம் கண்ட மின்விரிப்பு

கோத்தகிரியிலிருந்து நண்பர் நேற்று அழைத்தார். "நாய் படுக்க நீங்கள் வாங்கிய, சூடு தரும் மின்விரிப்பு எப்படி? நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்றார். ஒயர் அறுந்துபோன அந்த விரிப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்து, அன்று காலையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கத்தில், தலைகுந்தாவில், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவென்றால் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி எங்கள் வாசலில் தேங்கும். விடியும் நேரத்தில் வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும். எங்கள் நாய் மணி ராஜபாளையம் இனம், வயது 11. வெயில் பூமிக்கு ஏற்ற உடம்பு. முடி குட்டையாகத் தோலோடு ஒட்டிக் கிடக்கும். விரிப்பு வருவதற்கு முன் காலையில் அவனுக்குப் பின்னங்கால்கள் நிமிராது. இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவேன், நடுங்கிக்கொண்டே நிற்பான்.

விரிப்பு வந்த முதல் வாரத்திலேயே தானாக எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு வாசலுக்கு நடந்தான். அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். தொட்டால் சூடா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் இளஞ்சூடு. நாயின் உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் என்பதால் அது போதும். 20 வாட்; இரவு முழுக்க ஓடினாலும் கால் யூனிட் ஆகாது. படுக்கையில் பாதிக்கு மட்டும் விரியுங்கள், சுட்டால் நகர்ந்து படுக்க இடம் இருக்கும். ஆனாலும் கவனம்: கிழட்டு நாய் சில நேரம் சுட்டாலும் நகராமல் கிடக்கும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் இளஞ்சூடும் தோலைப் புண்ணாக்கிவிடும்.

எனக்குக் கோபம் விரிப்பை இயக்கும் பொத்தான்மேல்தான். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் விரிப்பு அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால்தான் எரியும். காற்றடித்தால் மரக்கிளை கம்பியில் விழும் ஊர் இது. போன மாதம் ஓர் இரவு எப்போது அணைந்ததோ தெரியாது. காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தான். காது மடலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

சூடாகும் சாதனம் ஆளில்லாத நேரத்தில் தானாக எரியக் கூடாது என்பது நியாயமே. ஆனால் அணைந்ததைச் சொல்ல ஒரு சின்ன ஒலிகூடவா வைக்க முடியாது?

ஒயர் அறுந்ததற்கு நானும் காரணம்; ஒவ்வொரு மார்ச்சிலும் இறுக்கிச் சுருட்டி வைத்தேன். மார்க்கெட்டில் பழுதுபார்ப்பவர் 300 ரூபாய்க்குப் புது ஒயர் போட்டார். பொத்தானுக்குப் பதில் சாதாரண சுவிட்ச் வைக்கச் சொன்னேன். "சூட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் அந்தப் பொத்தான் பெட்டிக்குள்தான் இருக்கிறது சார், தொட மாட்டேன்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். கடையில் வேறு விரிப்பைப் பார்த்தால், எரியும்போதே பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். தானாக எரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள். அதுவரை தரையில் பலகை, அதன்மேல் சாக்கு, கம்பளி. கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு நாயையும் கொல்லும், உங்களையும் கொல்லும்.

மணி அதே விரிப்பில்தான் படுத்திருக்கிறான். இன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மூன்றரைக்கு அலாரம் வைத்துவிட்டேன்.