கம்பர்லாண்ட் தீவு: ஒரு நாளைக்கு முந்நூறு பேர் போதும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சவன்னா நகரத்தைச் சொல்வதில்லை. பட்டுப்போன மரங்கள் மணலில் சாய்ந்து கிடக்கும் ஜெகில் தீவுக் கடற்கரையும் அழகுதான். ஆனால் காரை நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்தால் அது வந்துவிடுகிறது, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது கம்பர்லாண்ட் தீவை. மாநிலத்தின் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டி, சுமார் 28 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பாலம் கிடையாது. செயின்ட் மேரிஸ் என்ற சிற்றூரிலிருந்து படகேற வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம்.

1972இல் தேசியக் கடற்கரையாக, அதாவது தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் இடமாக, அறிவிக்கப்பட்ட இந்தத் தீவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 பேரை மட்டுமே விடுவது என்பது நெடுங்கால ஏற்பாடு. அந்தக் கட்டுப்பாடுதான் இந்த இடத்தின் உயிர். தீவில் கடை இல்லை, உணவகம் இல்லை, குப்பைத் தொட்டிகூட இல்லை. சாப்பாட்டை நாம்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும்; வாழைப்பழத் தோலையும் நாம்தான் திருப்பி எடுத்து வர வேண்டும். குடிநீரும் கழிப்பறையும் படகுத்துறைப் பக்கம் உண்டு, அது போதும். இதையெல்லாம் குறையாகச் சொல்லி மதிப்பெண் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வசதிகள் வந்துவிட்டால் நாம் பார்க்கப் போன தீவு அங்கே இருக்காது.

படகு முதலில் டன்ஜனஸ் துறையிலும் அடுத்து சீ கேம்ப் துறையிலும் நிற்கும். டன்ஜனஸில் இறங்கி, இடிந்த மாளிகை, உப்புச் சதுப்பு நிலம், கடற்கரை என்று சுற்றிக்கொண்டு சீ கேம்ப்பில் படகேறுவதுதான் நல்ல வழி. ஆறேழு கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் சமதளம். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அங்கங்கே உட்கார்ந்து, மணலில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவராலேயே நடந்து முடிக்க முடிந்தது.

மாளிகையின் கதை இது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் தம்பி தாமஸ் 1884இல் கட்டத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் இறந்துபோனார். மனைவி லூசிதான் பிள்ளைகளோடு அங்கே வாழ்ந்து அதை விரிவாக்கினார். 1959இல் தீப்பிடித்து, இன்று செங்கல்லும் கல்லுமாகச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதன் அருகே இருக்கும் சின்ன வீட்டைத்தான் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1800ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்த வீட்டின் பொருள் ‘டாபி’ என்ற கலவை. சிப்பி ஓடுகளைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், தண்ணீர், அதோடு உடையாத சிப்பிகள், அவ்வளவுதான். சுவரில் ஓடுகள் முழுசு முழுசாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றின் உட்புறம் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் தாத்தா வீட்டுச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்தக் கடற்கரையில் அக்காலத்து டாபிச் சுவர்களை எழுப்பிய கைகள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையவை. தீவில் பருத்தி விளைந்ததும் அவர்கள் உழைப்பில்தான்.

அவர்களின் சந்ததியினர் அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பிறகு வாழ்ந்த இடம் தீவின் வடகோடியில் இருக்கிறது. 1893இல் அவர்கள் தொடங்கிய தேவாலயம் 1930களில் திரும்பக் கட்டப்பட்டு, ஒரே அறை கொண்ட மர வீடாக இன்றும் நிற்கிறது. 1996இல் ஜான் எஃப். கென்னடியின் மகனுக்குத் திருமணம் நடந்தது அங்கேதான். அதனால்தான் வெளியுலகுக்கு அதன் பெயர் தெரிந்தது. காலை போய் மாலை திரும்புகிறவர் நடந்து போய்வரக்கூடிய தூரம் அல்ல. பூங்காவின் வேன் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்தால் அந்தத் தேவாலயத்தையும் 1898இல் கட்டிய பிளம் ஆர்ச்சர்ட் மாளிகையையும் காட்டுவார்கள். நடக்கவே முடியாத பெரியவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் வேனில் ஏறினால் நாளின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தெற்கு ஒரு நாள், வடக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

இனி மரங்கள். சீ கேம்ப்பிலிருந்து கடலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் லைவ் ஓக் என்கிற பசுமை மாறாத ஓக் மரங்கள். கடற்காற்றுக்கு வளைந்து வளைந்து, கிளைகள் மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடிப் பாதைக்குப் பந்தல் போட்டிருக்கின்றன. கீழே பால்மெட்டோ என்கிற குட்டைப் பனைகள் இடுப்பளவுக்கு அடர்ந்திருக்கின்றன. கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடையாகத் தொங்கும் ‘ஸ்பானிஷ் பாசி’ உண்மையில் பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை உறிஞ்சி வாழ்வதும் இல்லை. கிளையின் மேற்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வெயில் காலத்தில் பழுப்பாகச் சுருண்டு, செத்துப்போனது போல் ஒரு பெரணி ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் ஒரே நாளில் விரிந்து பச்சையாகிவிடும். நாங்கள் போனது மழைக்கு மறுநாள். மரத்துக்கு மரம் கிளையெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தியிருந்தது.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்த குதிரைகள், நூற்றைம்பது வரை, தீவெங்கும் தாமாகத் திரிகின்றன. கடற்கரையில் அவை நடந்து வருவதை ஆசையோடு படம் பிடிக்கிறோம். ஆனால் விலா எலும்பு தெரியும் குதிரையையும் அங்கே பார்த்தேன். யாரும் தீனி போடுவதில்லை, வைத்தியம் பார்ப்பதில்லை. சதுப்பு நிலப் புல்லும் மணல்மேட்டுப் புல்லும்தான் உணவு. அவை மேய்வதால் மணல்மேடுகளும் கரைகின்றன. இப்படியே விடுவது சரியா என்று 2023இல் வழக்கே தொடர்ந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்று நினைக்கிறேன். தயவுசெய்து ரொட்டியை நீட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். அது குதிரைக்கும் நல்லதல்ல. அவை உதைக்கும், கடிக்கும்.

2022இல் தேசியப் பூங்காத் துறை, அனுமதிக்கும் எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தலாம் என்று ஒரு திட்ட வரைவை வெளியிட்டது. நிறையப் பேர் பார்க்கட்டுமே என்ற வாதம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் கூடாது என்பேன். அகன்ற மணற்பரப்பில் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆளே இல்லாமல் நிற்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அரிது. இங்கே ஆமைகள் கோடையில் கரையேறி முட்டையிடுகின்றன. இந்த மாதம் இடம் கிடைக்காவிட்டால் காத்திருந்து அடுத்த மாதம் போகலாம், தப்பில்லை.

போகிறவர்களுக்கு: மார்ச், ஏப்ரல் அல்லது இலையுதிர் காலம் உத்தமம். கோடையில் வெயிலும் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகளும் பாடாய்ப் படுத்தும். உண்ணிகளும் உண்டு என்பதால் முழுக்கால் சட்டையே நல்லது. கடலில் உயிர்காப்பாளர்கள் கிடையாது, பிள்ளைகள் மேல் கண் இருக்கட்டும். படகுக் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. வார இறுதிக்கான டிக்கெட்டை மிக முன்னதாகவே வாங்கிவிடுங்கள். மாலைக் கடைசிப் படகைத் தவறவிட்டால், சொந்தச் செலவில் தனிப் படகு அமர்த்தித்தான் கரை சேர வேண்டும். அரை மணி முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள்.