முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: மூன்று வருடம் தட்டிய பிறகு

முன்பு என்னிடம் இருந்தது ஒரு சாதாரண மெம்பிரேன் கீபோர்டு, அதாவது எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே மெல்லிய தாள் இருக்கும் வகை. ஷூட்டர் விளையாட்டில் குறுக்காக ஓடிக்கொண்டே குனிந்து, அதே நேரத்தில் குண்டு நிரப்பப் பார்ப்பேன். ஆள் ஓடுவான், குனிவான், குண்டு மட்டும் நிரம்பாது. பல மாதங்களாக அதை என் விரலின் தவறு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள், அழுத்தும் கீகளைத் திரையில் காட்டும் சோதனை மென்பொருளைத் திறந்து, அதே நான்கு கீகளையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். மூன்றுதான் தெரிந்தன.

காரணம் எளிது. கீபோர்டின் உள்ளே ஒவ்வொரு கீக்கும் தனித்தனி கம்பி போவதில்லை. வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு வலை இருக்கும். சில கீகளைச் சேர்த்து அழுத்தும்போது, அழுத்தாத ஒரு கீயும் அழுந்தியது போல அந்த வலையில் மின்சாரம் சுற்றி வந்துவிடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, பல மெம்பிரேன் கீபோர்டுகள் அடுத்த கீயையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனி ஸ்விட்ச் உண்டு. நல்ல மாடலில் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு இருப்பதால் அது திரும்பி ஓடாது. எத்தனை கீயை அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும். இதைத்தான் என்-கீ ரோல்ஓவர் என்கிறார்கள். நான் மெக்கானிக்கலுக்கு மாறியது இதற்காகத்தான். வண்ண விளக்குகள் மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை.

வாங்கும்போது என் கவனம் முழுவதும் ஸ்விட்ச்சின் குணத்தைச் சொல்லும் நிறத்தில்தான் இருந்தது. சிவப்பா, பழுப்பா, நீலமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கீபோர்டின் அளவைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், என் விளையாட்டை நிஜமாகவே மாற்றியது அந்த அளவுதான். எண் பலகை இல்லாத 87 கீ மாடல் அது. வலப்பக்கம் நாலைந்து விரல் அகல இடம் காலியானது. எய்ம் அடிக்க மவுஸை மெதுவான வேகத்தில் வைத்துக் கையை முழுதாக வீசி ஆடுபவன் நான். பழைய கீபோர்டில் மவுஸ் அடிக்கடி அதன் ஓரத்தில் போய் இடிக்கும். அது முதல் நாளே நின்றுவிட்டது. தோளும் முன்பு போல விரிந்து நிற்பதில்லை. 61 கீ மட்டும் உள்ள குட்டி மாடலிலும் ஒருமுறை ஆடிப் பார்த்தேன். இடம் இன்னும் அதிகம்தான். ஆனால் அம்புக்குறி கீகளுக்கும் எஃப் வரிசைக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு கீயைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது; ஆட்டம் போக எழுதும் வேலையும் இருக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

சரி, ஸ்விட்ச்சுக்கு வருகிறேன்.

நான் முதலில் எடுத்தது நீலம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘டிக்’ என்று சத்தம் வரும், விரலிலும் ஒரு சிறு தடை தெரியும். முதல் வாரம் எழுத்து அடிப்பதே கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாம் வாரம், இரவு பன்னிரண்டு மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் இருந்து தம்பி எழுந்து உட்கார்ந்து, “அண்ணா, தூங்கவே முடியல, நாளைக்கு எனக்குப் பரீட்சை” என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டு அன்று ஆட்டத்தை மூடினேன். குழுவாக ஆடும்போது மைக் வழியாக என் கீ சத்தம் மற்றவர்களுக்கும் போனது. எதிரியின் காலடியைக் கேட்டு ஆடும் விளையாட்டில் அது பெரிய தொல்லை.

சத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் நீலம் 2.2 மில்லிமீட்டர் கீழே போனதும் அழுத்தலைப் பதிவு செய்யும். ஆனால் விரலை எடுத்ததை உணர, கீ அந்த இடத்தைத் தாண்டி இன்னும் சற்று மேலே வர வேண்டும். சிவப்பு போன்ற தடையில்லாத ஸ்விட்ச்சில் இந்த இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒன்றே. கட்டுரை எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரே கீயை வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டியவருக்கு, இடம் வலம் மாறி மாறி நகர வேண்டியவருக்கு, கட்டாயம் தெரியும். என் இரண்டாவது தட்டல் சில நேரம் பதிவாகாமலே போனது.

இங்கேதான் ஒரு நல்லகாலம். நான் வாங்கிய கீபோர்டில் ஹாட்ஸ்வாப் வசதி இருந்தது. வாங்கும்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்விட்ச்கள் பலகையோடு சால்டர் செய்யப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். ஒரு சின்ன இடுக்கியால் பிடுங்கி வேறு ஸ்விட்ச்சைச் செருகிவிடலாம். இது இல்லாதிருந்தால் ஒரு மாதத்தில் முழு கீபோர்டையும் விற்றிருப்பேன். முதல் கீபோர்டு வாங்குபவர் என்னிடம் எந்த நிறம் என்று கேட்டால், ஹாட்ஸ்வாப் உள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்று மாதம் தட்டிய பிறகு விரலுக்கு எது பிடிக்கும் என்பது இன்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாற்றும்போது கவனம் வேண்டும். செருகுமுன் ஸ்விட்ச்சின் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் அவசரத்தில் அழுத்தியதில் ஒரு கால் மடங்கி, அந்தக் கீ வேலை செய்யவில்லை. பலகையே போய்விட்டது என்று பயந்தேன். பிடுங்கிப் பார்த்து, காலை நிமிர்த்திச் செருகியதும் சரியாகிவிட்டது. வாங்குமுன் இன்னொன்றும் பாருங்கள். சில பலகைகள் மூன்று கால் ஸ்விட்ச்சுக்கு (இரண்டு உலோகக் கால், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கால்) மட்டுமே துளை வைத்திருக்கும். ஐந்து கால் ஸ்விட்ச் என்றால் அதன் ஓரங்களில் கூடுதலாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்ட வேண்டியிருக்கும். மெல்லிய கால் கொண்ட ஒரே வகை ஸ்விட்ச்சை மட்டும் ஏற்கும் பலகைகளும் உண்டு. ஹாட்ஸ்வாப் என்று அட்டையில் போட்டிருப்பது மட்டும் போதாது.

நீலத்துக்குப் பிறகு பழுப்பு. டிக் சத்தம் இல்லை, விரலில் ஒரு மெல்லிய தடை மட்டும். எழுதுவதற்கு நன்றாகவே இருந்தது. ஆட்டத்தின் பரபரப்பில் அந்தத் தடை விரலுக்குத் தெரியவே இல்லை, எனவே எனக்கு அதனால் லாபமும் இல்லை. அப்புறம் வெள்ளி நிற ஸ்பீட் ஸ்விட்ச். 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். வேகம் வேண்டும் என்ற ஆசையில் எல்லாக் கீகளுக்கும் அதையே போட்டேன். விரலை சும்மா வைத்திருந்தாலே எழுத்து விழுந்தது. கதவு ஓரம் பதுங்கி நிற்கும்போது கையெறி குண்டு தானாக வெளியே வந்து என் குழுவே சாய்ந்ததும் உண்டு. இரண்டு மாதம் பழகிப் பார்த்துவிட்டுக் கழற்றினேன்.

கடைசியில் கை நின்றது கேட்டரான் என்ற நிறுவனத்தின் மஞ்சள் ஸ்விட்ச்சில். தடையும் இல்லை, டிக் சத்தமும் இல்லை, அழுத்தம் சுமார் 50 கிராம். எம்எக்ஸ் சிவப்பைவிடக் கொஞ்சம் கனம். அந்தக் கொஞ்சம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு மாற்றமும் செய்தேன், அதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்: குண்டு எறியும் கீக்கும் இடப்பக்க விண்டோஸ் கீக்கும் மட்டும் சுமார் 60 கிராம் அழுத்தம் வேண்டிய கறுப்பு ஸ்விட்ச் போட்டேன். தெரியாமல் விரல் பட்டால் அவை எளிதில் இறங்குவதில்லை. நிறங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பு, பழுப்பு, நீலம் என்பது செர்ரி தொடங்கி வைத்த வழக்கம், மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். வேறு பல நிறங்களுக்குப் பொதுவான அர்த்தம் எதுவும் இல்லை. அழுத்தம் எத்தனை, எத்தனை மில்லிமீட்டரில் பதிவாகும் என்ற இரண்டு எண்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்று வருடத்தில் என்னென்ன தேய்ந்தது?

விரல் படும் மேல்மூடிகளான கீகேப்கள்தான் முதலில். உடன் வந்தவை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். எட்டு மாதத்தில் ஆளை நகர்த்தும் நான்கு கீகளும் எண்ணெய் தடவியது போல மினுங்கின, விரல் வழுக்கியது. பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த கீகேப் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, சொரசொரப்பு இன்னும் குறையவில்லை. ஸ்பேஸ்பார் ஆரம்பம் முதலே தகர டப்பா போலக் கடகடத்தது. அடியில், நீளமான கீ சாயாமல் இறங்க உதவும் ஸ்டெபிலைசர் கம்பியின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக்குக் கெடுதல் செய்யாத கிரீஸைத் துளி தடவியதும் அடங்கியது. அரை மணி நேர வேலை. என்னைக் கேட்டால் புது கீபோர்டில் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அப்புறம், இரண்டாவது வருட முடிவில் ஆளை இடப்பக்கம் நகர்த்தும் கீயை ஒரு முறை தட்டினால் இரண்டு எழுத்து விழ ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் உலோக இதழ்கள் சேரும்போது மிக நுண்ணிய அளவில் அதிரும். கீபோர்டின் மென்பொருள் அந்த அதிர்வைச் சில மில்லிநொடி பொறுத்து வடிகட்டும். இதழ் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ அதிர்வு நீண்டு, வடிகட்டலையும் மீறி வந்துவிடும். ஸ்விட்ச்களுக்கு 5 கோடி, 10 கோடி அழுத்தல் என்று ஆயுள் சொல்கிறார்கள். என் கீ அதில் சிறு பங்கைக்கூடத் தொட்டிருக்காது. அந்த ஒரு ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது.

இப்போது வாங்குபவர்கள் எல்லோரும் காந்த ஸ்விட்ச் பற்றிக் கேட்கிறார்கள். நண்பனின் கீபோர்டில் ஒரு வாரம் ஆடினேன். அதில் உலோக இதழ் கிடையாது. தண்டில் ஒரு காந்தம், அடியில் அதன் நெருக்கத்தை அளக்கும் சென்சார். எனவே கீ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். பதிவாகும் ஆழத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். இதில் ரேப்பிட் டிரிக்கர் என்ற வசதி நிஜமான வித்தியாசம். விரலைத் துளி தூக்கினாலே கீயை விட்டதாக எடுத்துக்கொள்ளும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஓடி வந்து, எதிர்ப்பக்கக் கீயைத் தட்டிச் சட்டென்று நின்று சுட வேண்டும். அந்த நிற்றல் என் கீபோர்டில் வருவதைவிடச் சுத்தமாக வந்தது. அந்த விளையாட்டில் தீவிரமாக ஆடுபவர் என்றால் நேராகக் காந்த ஸ்விட்ச்சுக்கே போகலாம். ஆனால் எதிரெதிர் கீகளில் கடைசியாக அழுத்தியதைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதியும் சிலவற்றில் வருகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ன் அதிகாரபூர்வ சர்வர்களில், அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அதைத் தடை செய்துவிட்டது. அதை அணைத்து வைத்து ஆடுங்கள். கதை சார்ந்த ஆட்டம், பந்தயம், உத்தி விளையாட்டு என்று ஆடுபவருக்கு இவை எதுவும் தேவைப்படாது. காந்தப் பலகைகள் பெரும்பாலானவற்றில் சாதாரண ஸ்விட்ச்சைப் போடவும் முடியாது.

போலிங் ரேட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1000 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் முறை, 1 மில்லிநொடிக்கு ஒருமுறை, கணினிக்குச் செய்தி போகிறது. 8000 போட்டு விற்கும் மாடலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மணிக்கட்டு வலி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் முதல் வருடம் கீபோர்டின் பின்கால்களை நிமிர்த்தி வைத்து ஆடி, வலியோடு படுத்திருக்கிறேன். பலகை சாய்ந்தால் கை மேல்நோக்கி மடங்கியே இருக்கும். கால்களை மடக்கிவிட்டு, முன்னால் ஒரு தாழ்ந்த மரக்கட்டை வைத்தேன். இரண்டு வாரத்தில் வலி குறைந்தது.

கழற்றிய நீல ஸ்விட்ச்கள் டப்பாவில் சும்மாதான் கிடந்தன. போன மாதம் தம்பி அவற்றைக் கேட்டு வாங்கித் தன் கீபோர்டில் போட்டுக்கொண்டான். இப்போது அவனுக்குத் தனி அறை.