முட்டை நாற்றம்: பழி கன்வெர்ட்டர் மேல், ஓட்டை வேறெங்கோ

என்னுடைய அதே மாடல் கார் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "சிக்னல்ல நின்னா அழுகின முட்டை நாத்தம் வருது, கன்வெர்ட்டரை மாத்திடலாமா?" கன்வெர்ட்டர் என்பது புகையின் நச்சைக் குறைக்க சைலன்சர் பாதையில் வைத்திருக்கும் பெட்டி. அவசரப்பட வேண்டாம். எட்டு வருடமாகப் பிக்கப், மைலேஜ், கிளட்ச் எதிலும் குறை சொல்ல முடியாத இந்தக் காருக்குப் பிடித்த சனி அந்த நாற்றம் ஒன்றுதான்.

பெட்ரோலில் இருக்கும் கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாகிறது. காற்று, பெட்ரோல் கலவை லீனாக (காற்று அதிகமாக) இருக்கும்போது கன்வெர்ட்டரின் சீரியம் பூச்சு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிச்சானதும் (பெட்ரோல் அதிகமானதும்) முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடாகக் கக்கிவிடும். மலை ஏறிவிட்டு வந்து நின்றதும் ஒரு நிமிடம் நாறினால் கண்டுகொள்ளாதீர்கள். புதிதாக மாட்டிய கன்வெர்ட்டரும் கொஞ்ச நாள் நாறத்தான் செய்யும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், தினமும், ஐடிலிங்கிலேயே நாறினால் மட்டும் கிளறிப் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரிப் பக்கம் மூக்கைக் காட்டுங்கள். ஓவர்சார்ஜ் ஆகும் பேட்டரியும் இதே நாற்றம் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அடுத்து, காரின் கம்ப்யூட்டரில் (ஈசியூ) மாட்டிப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. மைனஸ் 15, 20 என்று காட்டினால் பெட்ரோல் உண்மையிலேயே அதிகம் போகிறது, ஈசியூ அதைக் குறைக்கப் போராடுகிறது என்று அர்த்தம்: ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தே மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வு (டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), எகிறிய ஃபியூல் பிரஷர். இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் பிடித்துவிடுவார்.

ஆளைக் கவிழ்ப்பது பிளஸ் பக்கம். ட்ரிம் பிளஸ் 18, ஆனால் பின்னால் ரிச் வாடை! கன்வெர்ட்டருக்கு முன்னால் புகையை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். சென்சாருக்கு முன்னால், எஞ்சினோடு புகைக்குழாய் (மேனிஃபோல்ட்) சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தாலும் போதும். ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் அடுத்த இடைவெளியில் உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று உறிஞ்சப்படும். சென்சார் "லீன்" என்று புளுகும், ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் கலவை எரியாமல் போவது) இதே வேலையைச் செய்யும், எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால். செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் ஓட்டவே கூடாது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியையே உருக்கிவிடும்.

கசிவைப் பிடிக்கக் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது காது கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டு, உலோகம் சூடேறி விரிந்ததும் அடங்கிவிட்டால் அதுதான். இணைப்பில் கரிக்கோடு தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயில் புளோயர் வைத்துக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேஸ்கெட் மாற்றும் வேலையில்தான் இந்தக் கார் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும். கீழ்வரிசை நட்டுகளை ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த புண்ணியவான் ஒரு நாளும் ஸ்பேனர் பிடித்திருக்க மாட்டார். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் நட்டு ஏறும் ஸ்டட் (மரைக் கம்பி) முறியும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்து வளைவு பாருங்கள். வளைந்திருந்தால் புதுக் கேஸ்கெட்டும் நிற்காது. நட்டுகளைப் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்குங்கள். சிலிகான் பசையைத் தொடாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். சென்சாரையும் கழற்ற வேண்டியிருந்தால் இளஞ்சூட்டில் 22 மிமீ ஸ்பேனர் போடுங்கள். மரை இறுகி ஒட்டாமலிருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பசை மரையில் மட்டும், நுனியில் படக்கூடாது.

முடித்ததும் ட்ரிம்மை ரீசெட் செய்துவிட்டு 100 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். சேர்ந்திருக்கும் கந்தகம் தீரும்வரை லேசாக நாறும், அதற்காகத் திரும்பப் பிரிக்காதீர்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் நலம். முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஆடினால் மட்டும் நண்பர் கேட்ட செலவைச் செய்யலாம்.

இன்னொன்று. புகை வாடை காருக்குள்ளேயே வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓரங்கட்டுங்கள், சரிசெய்யாமல் எடுக்காதீர்கள். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

இதே கார் செகண்ட் ஹேண்டில் வந்தால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அந்தக் கீழ்வரிசை நட்டுகளுக்காகவே வேண்டாம். என்னுடையதை விலை கேட்டும் வராதீர்கள், கொடுப்பதாக இல்லை.