உறைந்து நிற்கும் லினக்ஸ் கணினி: பதிவேடா, நேரடி யுஎஸ்பியா?

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கணினியின் உலோகத் தொடுமுனைகளை அரிப்பதால், லினக்ஸ் கணினி திடீரென உறையும்போது பழுது மென்பொருளிலா வன்பொருளிலா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அதற்கு இரு வழிகள் உண்டு.

முதல் வழி, கணினியை மீண்டும் இயக்கி, 'ஜேர்னல்சிடிஎல்' கட்டளையால் முந்தைய இயக்கத்தின் பதிவுகளை வாசிப்பது. செலவில்லை, வட்டின் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையோ வரைகலை இயக்கியின் தடுமாற்றமோ பெரும்பாலும் பெயரோடு அகப்படும். ஆயினும், மிக அவசரமானவை தவிர்ந்த செய்திகளைப் பதிவேடு இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறையே வட்டில் எழுதி உறுதிப்படுத்துவதால், முழுதாக உறைந்த கணினியின் கடைசித் தடயம் பதிவாகாமலே போய்விடலாம்.

இரண்டாவது, யுஎஸ்பியிலிருந்து உபுண்டு போன்றதொரு லினக்ஸ் வகையை நிறுவாமலே இயக்குவது. அங்கும் கணினி உறைந்தால் நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றின் மீதே சந்தேகம் வலுக்கும். அப்போது நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுவதும் ஓடவிடலாம் (மின்சாரம் தடைப்படாதிருந்தால்). உறையாவிட்டால், நிறுவப்பட்ட மென்பொருளே காரணம் என முடிவுகட்டிவிடக் கூடாது, ஏனெனில் வீட்டுக் கணினியின் வட்டு அவ்வேளையில் பெரிதும் பயன்படுவதில்லை என்பதோடு இயங்குதளத்தின் மையக்கருவான கேர்னலின் பதிப்பும் வேறாக இருக்கக்கூடும். மூலக் கோப்பு முறைமையை (லினக்ஸ் நிறுவப்பட்டுள்ள வட்டுப் பகுதியை) இணைக்காமல், கோப்பு முறைமைப் பிழைகளைத் தேடும் 'எஃப்எஸ்சிகே' கொண்டு சோதிப்பதற்கும் இதுவே வசதியானது.

கணினி உள்நுழைவுத் திரைவரை வருமாயின் நான் பதிவேட்டையே முதலில் திறப்பேன். அதற்கு முன்பே நின்றுவிட்டால் யுஎஸ்பியை எடுப்பேன். பம்பலப்பிட்டியில் புதிய நினைவகம் வாங்குவது அதற்குப் பிறகுதான்.