ஓஸ்டாக்: ஸ்டீல் இணைப்பு டிசைன் கற்க எவ்வளவு உதவும்?

ஸ்டீல் டிசைன் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இணைப்புகளில்தான். பீமுக்கு மொமெண்ட் (வளைக்கும் திருப்பம்), ஷியர் (வெட்டுவிசை), தொய்வு பார்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதே பீமைத் தூணில் மாட்ட ஒரு ஃபின் பிளேட் (தூணில் வெல்டிங் செய்து பீமில் போல்ட் போடும் தகடு) வைத்தால் போல்ட்டின் ஷியர், பேரிங் (துளையின் ஓரத்தைப் போல்ட் அழுத்துவது), பிளேட்டின் ஷியர், பிளாக் ஷியர் (போல்ட் வரிசையோடு ஒரு துண்டு கிழிந்து வருவது), மொமெண்ட், வெல்டிங் என்று வரிசையாகச் சரிபார்க்க வேண்டும். ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸீ (கல்விக்கான திறந்த மூல மென்பொருள்) திட்டத்தில் உருவான ஓஸ்டாக் இதற்காகவே வந்த மென்பொருள். இலவசம், மூலநிரலும் திறந்தது, எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 800:2007-ன்படி இயங்குகிறது. கற்பவருக்கு இது தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கது, ஆனால் கைக்கணக்கு போட்டுப் பார்த்த பிறகு திறந்தால்தான் பலன்.

காரணத்தை ஓர் இணைப்பை வைத்தே பார்க்கலாம். ஐ.எஸ்.எம்.பி. 300 பீம் (300 மி.மீ. உயரமுள்ள I வடிவ எஃகு), தூணின் ஃபிளேஞ்சில் (I வடிவின் ஓரத்தகட்டில்) ஃபின் பிளேட்டால் இணைகிறது. ஃபேக்டர்டு (பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய) ஷியர் 100 கிலோ நியூட்டன். 4.6 தர எம் 20 போல்ட்டின் மரைப்பகுதிப் பரப்பு 245 ச.மி.மீ. அந்தப் போல்ட்டின் இழுவலிமையான 400-ஐ √3 ஆல் வகுத்து, 245 ஆல் பெருக்கி, பாதுகாப்புக் காரணியான 1.25 ஆல் வகுத்தால் ஒரு போல்ட்டுக்கு 45.3 கிலோ நியூட்டன். நூறை இதனால் வகுத்தால் 2.2, ஆகவே மூன்று போல்ட் போதும் என்று தோன்றும். தேர்வுத்தாளில் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பீம் முனைக்கும் தூணுக்கும் 10 மி.மீ. இடைவெளி, முனையிலிருந்து போல்ட் மையத்துக்கு 40 மி.மீ. ஆக வெல்டிங்கிலிருந்து போல்ட் வரிசை 50 மி.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் 5 கிலோ நியூட்டன் மீட்டர் மொமெண்ட் வருகிறது. பிட்ச் (அடுத்தடுத்த போல்ட்டுகளுக்கு இடையிலான தூரம்) 60 மி.மீ. வைத்தால் மேல், கீழ் போல்ட்டுகளில் கிடைமட்டமாக 41.7, செங்குத்தாக 33.3, இரண்டும் சேர்ந்து 53.4 கிலோ நியூட்டன். போல்ட் தாங்காது. நான்கு போல்ட் போட்டால் 35.4 ஆகக் குறையும், ஆனால் மேலும் கீழும் 40 மி.மீ. விளிம்பு விட்டால் பிளேட் உயரம் 260 மி.மீ. ஆகிவிடும். இந்த பீமில் மேல், கீழ் ஃபிளேஞ்சுகளின் உள்வளைவுகளைக் கழித்தால் வெப்பில் (I வடிவின் நடுத்தகட்டில்) நேராகக் கிடைப்பது ஏறக்குறைய 246 மி.மீ.தான். பிளேட் உள்ளே போகாது! பிட்ச்சை அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவான 50-க்கு (விட்டத்தின் 2.5 மடங்கு) இறக்கினால் உயரம் 230, விசை 39. இப்போது சரி. இல்லையெனில் 8.8 தரத்துக்கு மாறி மூன்று போல்ட்டிலேயே முடிக்கலாம்: ஷியர் திறன் 90.5 ஆக உயரும், அப்போது 7.7 மி.மீ. வெப்பின் பேரிங் திறனான சுமார் 76 தான் கட்டுப்படுத்தும்.

ஓஸ்டாக்கில் இதே இணைப்பைக் கொடுத்து, விட்டத்தையும் தரத்தையும் 'கஸ்டமைஸ்டு' வைத்து ஒவ்வொன்றாக மாற்றினால் இந்த இழுபறி அப்படியே தெரியும். எது தோற்றது என்று கீழே உள்ள செய்திப் பெட்டி சொல்லும். முப்பரிமாணப் படத்தில் போல்ட் எங்கே உட்காருகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இதன் பெரிய பலம் டிசைன் அறிக்கை: ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் சூத்திரம், எண்கள், விதி எண், முடிவு என்று பி.டி.எஃப்.பில் விரிக்கிறது. வணிக மென்பொருள்கள் பலவற்றில் விகிதமும் பாஸ், ஃபெயிலும் மட்டுமே முன்னால் நிற்கும். மாணவருக்கு அது போதாது. அறிக்கை லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருள் வழியாக உருவாவதால், லேடெக் நிறுவல் கோளாறாக இருந்தால் டிசைன் ஓடும், அறிக்கை மட்டும் வராது. வகுப்புக்கு முந்தைய நாளே ஓர் அறிக்கை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கைக்கணக்கும் மென்பொருளும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் செக்‌ஷன் அட்டவணையைப் பாருங்கள். பழைய எஃகுக் கையேட்டில் ஐ.எஸ்.எம்.பி. 300-ன் வெப் 7.5 மி.மீ., ஃபிளேஞ்ச் 12.4, செக்‌ஷன் அளவுகளுக்கான தரவிதி ஐ.எஸ். 808-ல் 7.7, 13.1. அடுத்து விளிம்பு வகை: கத்தரித்த அல்லது கையால் வாயு வெட்டிய விளிம்பிலிருந்து துளை மையத்துக்குக் குறைந்தபட்சம் துளை விட்டத்தின் 1.7 மடங்கு, இயந்திர வெட்டுக்கு 1.5 மடங்கு. 22 மி.மீ. துளைக்கு இது 37.4, 33. இந்தத் தூரம் குறைந்தால் பேரிங் திறனும் கூடவே குறையும். இவையெல்லாம் தனி அமைப்புப் பகுதிக்குள் இருப்பதால் பலர் திறந்தே பார்ப்பதில்லை. 20 கிலோ நியூட்டன் ஷியர் கொடுத்து, 40-க்கு டிசைன் ஆகிறதே என்று குழம்புபவர்களும் உண்டு. எளிய இணைப்பு பீமின் ஷியர் திறனில் 15 சதவீதம் அல்லது 40 கிலோ நியூட்டன், இதில் குறைவானதையாவது தாங்க வேண்டும் என்பது ஐ.எஸ். 800-ன் 10.7-ஆம் விதி. கொடுக்க வேண்டிய சுமையும் ஃபேக்டர்டு, 1.5 ஆல் பெருக்காமல் போட்டால் மென்பொருள் கண்டுபிடிக்காது.

விட்டம், தரம், பிளேட் தடிமன் எல்லாவற்றையும் 'ஆல்' என்று விடுவதுதான் மோசமான பயன்பாடு. பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு விட்டத்தை அது தேர்ந்தெடுத்துத் தரும், கணக்கும் தேறும். ஆனால் பட்டறையில் கைவசம் இருப்பது பெரும்பாலும் எம் 16, 20, 24 தான். ஒரே கட்டடத்தில் நாலு விட்டம் கலந்தால் தளத்தில் தவறான போல்ட் ஏறுவது நிச்சயம்.

இணைப்புப் பகுதியில் ஃபிரேமை அலசும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். விசைகளை வேறு மென்பொருளிலோ கையாலோ கண்டுபிடித்துத்தான் உள்ளே கொடுக்க வேண்டும். பீமைத் தூக்கி வைக்கும் வரிசை, ஸ்பேனர் நுழையும் இடம், வெல்டர் கை எட்டும் கோணம் ஆகியவையும் அதன் கணக்கில் வராது. 230 மி.மீ. பிளேட் வெப்பில் பொருந்தினாலும், மேலும் கீழும் மிஞ்சுவது எட்டு எட்டு மி.மீ. மட்டுமே என்பதைப் படத்தை அனுப்புமுன் ஃபேப்ரிகேட்டரிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும்.