ஐந்து இலையுதிர் காலமும் ஒரு 150–600 லென்ஸும்

கடலோரத்துக்கும் சதுப்புக்கும் வலசை வரும் பறவைகளுக்காகவே இந்த 150–600 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்கினேன். ஐந்து இலையுதிர் காலம் ஓடிவிட்டது. எடை ஏறக்குறைய 2 கிலோ. கழுத்தில் மாட்டி நடந்ததெல்லாம் முதல் நாளோடு சரி.

600 மி.மீ.-இல் லென்ஸின் திறப்பு அதிகபட்சம் எஃப் 6.3தான், வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும். விடியற்காலையில் பறக்கும் உள்ளானுக்கு (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவை) ஷட்டரை 1/2000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், தாறுமாறாக ஏறும், படம் பொரிபொரியாக வரும். வரட்டும், ஆடிப்போன படத்துக்கு அது மேல்.

முதல் வருடம் முழுக்க லென்ஸைத்தான் திட்டினேன். இறகு ஒன்றும் தெளிவில்லை, எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தது. பிறகுதான் புரிந்தது: வெயில் ஏறியதும் சேற்றுவெளிமேல் காற்று கானல்போல நெளிகிறது. 80 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அதற்குள் எந்த லென்ஸும் கூர்மையாக எடுக்காது. சூடான காரிலிருந்து குளிரில் எடுத்தவுடன் சுட்டாலும் இதே கதைதான். அரை மணி ஆறவிடுகிறேன்.

இப்போது ஓத நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறேன். நீர் உச்சிக்கு ஏற இரண்டு மணி நேரம் முன்பே போய்ப் படுத்துவிட்டால், சேறு மூழ்க மூழ்கப் பறவைகள் தாமாகவே நம் பக்கம் ஒதுங்கும். துரத்தக் கூடாது. 2022-இல் ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. அப்படி வந்து மேய்கிறதை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிட மனசு வருமா?

உப்புதான் பெரிய எதிரி. ஜூம் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மூன்றாம் வருடம் ஜூம் வளையம் நறநறக்க, பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது வீடு திரும்பியதும் ஈரத்துணியால்தான் லென்ஸின் உடலைத் துடைக்கிறேன். காய்ந்த துணி உப்பையும் மணலையும் வைத்தே தேய்த்துவிடும்.

போன பருவத்தில் இளம் கொசு உள்ளான் ஒன்று, முதுகில் வெள்ளைக் கோடும் ஓரம் கலையாத புது இறகுமாக, கொத்திக்கொண்டே என்னை நோக்கி வந்தது. இந்த லென்ஸுக்கு மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். அது இரண்டு மீட்டரில் நின்றது. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தவித்தது. கேமராவைச் சேற்றில் இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.