மைஐபிஓ பதிப்புரிமை அறிவிப்புச் சேவை: சான்றுக்கு நல்லது, விட்டுக்கொடுக்க வழியில்லை

கோலாலம்பூரில் புத்தகமோ பாட்டோ வெளியிடும் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதியாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் 2012இல் தொடங்கிய பதிப்புரிமை அறிவிப்புச் சேவை அதற்கொரு சான்று தருகிறது, அவ்வளவே. அந்தச் சான்றும் முதல்நிலைச் சான்றுதான். எதிர்த்தரப்பு அதை மறுத்து வாதாடலாம்.

சத்தியப் பிரமாணம், படைப்பின் பிரதி, தலைப்பு, வகை, எழுதியவர் பெயர், வெளிவந்திருந்தால் முதலில் வெளியான தேதி, இடம். விண்ணப்பிக்க இவ்வளவும் வேண்டும். பாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். வரிகள் இலக்கியம், மெட்டு இசை, பதிவு ஒலிப்பதிவு என மூன்றும் தனித்தனி வகை. ஒலிக்கோப்பை மட்டும் கொடுத்துவிட்டால் கவிஞரின் வரிகள் வெளியே நின்றுவிடும். யூடியூபில் முன்பே ஏற்றிவிட்டு, வெளியீட்டு விழா நாளை முதல் தேதியாக எழுதுவதும் ஆபத்து. சத்தியம் செய்த தாளிலேயே பிழை இருந்தால் சான்றை யார் நம்புவார்? பதிப்பகம் விண்ணப்பித்தால் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

விருப்பமிருந்தால் பதியலாம் என்பது இந்தச் சேவையின் அழகு. பின்னால் நிற்கும் சட்டத்தில் அந்த விருப்பம் இல்லை; கேட்காமலேயே உரிமை வந்து ஒட்டிக்கொள்ளும். அரசின் தலையீடு குறைந்து தனிமனிதச் சுதந்திரம் ஓங்க வேண்டும் என்னும் லிபர்டேரியன்கள் இதைத்தான் கேள்வி கேட்கிறார்கள். அண்டாவை இரவல் கொடுத்தால் நம் வீட்டுச் சமையல் நிற்கும்; தாலாட்டைப் பத்து வீட்டில் பாடினாலும் நம் தொட்டிலில் அது குறையாது. குறையாத ஒன்றுக்கு வேலி எதற்கு என்பது அவர்களில் ஒருவரான அமெரிக்க வழக்கறிஞர் ஸ்டீபன் கின்செல்லாவின் வாதம். பொருளியலாளர் ராத்பார்டு ஒப்பந்தத்தின் வழியாகப் பதிப்புரிமையை ஏற்றார், கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையை (பேட்டன்ட்) ஏற்கவில்லை. அவர்களில் பலர் விரும்பிப் படிக்கும் நாவலாசிரியர் அய்ன் ராண்ட் இரண்டையும் ஆதரித்தார். அவர்களுக்குள்ளேயே உடன்பாடில்லை.

நம் ஊர் நிலையைப் பார்த்தால் கின்செல்லா பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு என்பதால், 1980இல் காலமான எழுத்தாளரின் தோட்டப்புறக் கதையை 2030 வரை அனுமதியின்றி மறுபதிப்பு செய்ய முடியாது. வாரிசு எங்கே என்றே தெரியாதபோது, வேலிக்குள் கிடக்கும் நூல் கறையானுக்குத்தான். பாரதி பாடல்களுக்கு இந்த நிலை வராமல் காத்தது 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்கியதும் பின்னர் அதைப் பொதுவாக்கியதும்.

உங்கள் நூலாவது தப்பட்டும். பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பெயரை, அந்த உரிமத்தின் பதிப்பு எண்ணோடு, நூலின் பதிப்புப் பக்கத்தில் முழுதாக அச்சிடுங்கள். வணிக மறுபதிப்பும் மொழிபெயர்ப்பும் கூடுமா என்பது அந்தப் பெயரிலேயே அடங்கும். உரிமையைக் கையில் வைத்துக்கொள்கிறவர்கள், அது யாருக்குப் போகிறது என்று உயிலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.